மாசம் எவ்வளவு வரும்?

காடி வாங்குவதைப் பற்றி ஓர் இலக்கிய இதழுக்குக் கட்டுரை எழுதுகிறேன் என்றதும் நண்பர் சிரித்தார். "அதுக்கு யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்குடா, நீ எதுக்கு?" என்றார். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் கவிதை எழுதுகிறவர். அவருடைய காடிக்கு இன்னும் ஆறு வருஷத் தவணை பாக்கி இருக்கிறது. மொத்தமாக எவ்வளவு கட்டப்போகிறீர்கள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். மாசம் எவ்வளவு என்று கேட்டேன். சென் வரைக்கும் சொன்னார்.

நான் வாசித்தவரை, மலேசியத் தமிழ்ச் சிறுகதையில் பால்மரம் இருக்கிறது, மங்கு இருக்கிறது, காண்டா வாளி இருக்கிறது, கிராணி இருக்கிறார். தோட்டத்தை விட்டு வெளியே வந்து நாற்பது வருஷமாக நம் வீடுகளில் சம்பளத் தேதியை ஆட்சி செய்யும் வாடகைக் கொள்முதல் ஒப்பந்தம் மட்டும் இல்லை. அது இலக்கியத்துக்குத் தகுதியில்லாத காகிதம் போலும். நான் பொறியியல் படித்தவன், ஸ்கூடாயில் நாலு வருஷம். எனக்கு இலக்கியம் எது என்று சொல்லும் தகுதி இல்லை. கணக்கு எது என்று சொல்லலாம்.

2023 மே மாதம். பேங்க் நெகாரா அப்போதுதான் அடிப்படை வட்டியை 3.00 விழுக்காட்டுக்கு ஏற்றியிருந்தது. கிள்ளானில் ஒரு காட்சியகம். பெயர் வேண்டாம், பக்கத்துக் காட்சியகத்துக்குப் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். தங்கைக்குத் தனியார் மருத்துவமனையில் தாதி வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவள் கிராப் எடுத்தே சம்பளத்தில் ஒரு பங்கைத் தொலைத்துக்கொண்டிருந்தாள். அப்பா, அம்மா, மாமா, தங்கை, நான், ஐந்து பேர் போனோம். காடி வாங்கப்போவது என்றால் நம் வீட்டில் பெண் பார்க்கப் போவது மாதிரி.

விற்பனையாளர் தமிழ்ப் பையன். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். அப்பாவை "அங்கிள்" என்றான், என்னை "ப்ரோ" என்றான், அம்மாவுக்கு மைலோ கொண்டுவந்து வைத்தான். அஞ்சு நிமிஷத்தில் அவனுடைய பாட்டி எந்தத் தோட்டம், எங்கள் பாட்டி எந்தத் தோட்டம் என்பது வரை பேசி முடித்துவிட்டார்கள். அதன்பிறகு அப்பா கேட்ட ஒரே கேள்வி:

"சரி தம்பி, மாசம் எவ்வளவு வரும்?"

பையனின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். எங்கள் பேரம் அந்த இடத்திலேயே முடிந்துபோனது.

அப்பா இருபத்தாறு வருஷம் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். டயர் வாங்கப்போனால் கடைக்காரரை அழவைத்துவிடுவார். தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக்குப் பூ வாங்கும்போது ஒரு வெள்ளிக்காக அம்மா மூன்று கடை ஏறி இறங்குவார். அதே இரண்டு பேர் ஏர்கோன் போட்ட கண்ணாடிக் கூடத்தில், எழுபதாயிரம் வெள்ளி விஷயத்தில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் போனை எடுத்துக் கணக்குப் போட்டபோது மாமா தொடையில் தட்டினார். "நம்ம பையன்டா. கால்குலேட்டர் தட்டாதே, அசிங்கமா இருக்கு."

நான் சண்டைபோட விரும்புவது அந்த 'அசிங்க'த்தோடுதான்.

பையன் கொடுத்த கணக்கு இது. எண்களைக் கொஞ்சம் உருட்டி வைக்கிறேன், சொல்ல வந்தது மாறாது. இன்சூரன்ஸ் இல்லாமல், சாலைவரி, பதிவு எல்லாம் சேர்த்துப் பட்டியல் விலை 60,000. அதோடு ஒரு 'பேக்கேஜ்': பெயிண்டுக்குக் கோட்டிங், கண்ணாடிக்குத் டிண்ட், டேஷ்கேம், 3,000. மொத்தம் 63,000. நம்ம ஆளு என்பதால் 1,000 தள்ளுபடி. ஆக 62,000. பத்து விழுக்காடு முன்பணம், 6,200. மிச்சம் 55,800 கடன், ஒன்பது வருஷம், வருஷத்துக்கு 3.2 விழுக்காடு. "மாசம் 665 தான் அங்கிள்."

665 என்றதும் மாமா தலையாட்டினார். அம்மா தங்கையைப் பார்த்தார். தங்கை சம்பளத்தில் அடங்கும். எல்லாருக்கும் சந்தோஷம்.

இப்போது அந்த 3.2 என்பதைப் பாருங்கள். அப்போது நம் நாட்டில் வாகனக் கடனுக்கு வட்டியை நீங்கள் கடன் வாங்கிய முழுத்தொகைக்கும் ஒன்பது வருஷமும் போட்டார்கள். பாதிக் கடனைக் கட்டி முடித்திருந்தாலும் முழுக்கடனுக்குத்தான் வட்டி. 55,800-க்கு 3.2 விழுக்காடு, ஒன்பதால் பெருக்கினால் 16,070. குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று வீட்டுக்கடன் மாதிரி கணக்கிட்டால் இது 5.8 விழுக்காட்டுக் கடன். 3.2 என்று சொன்னவன் பொய் சொல்லவில்லை. கேட்டவர்களுக்குத்தான் அது வேறு என்று தெரியாது.

"முன்னாடியே கட்டி முடிச்சிடலாம்ல?" என்று தங்கை கேட்டாள். நல்ல கேள்வி. "கட்டலாம் சிஸ், ரிபேட் கிடைக்கும்" என்றான் பையன். கிடைக்கும். எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு '78 விதி' என்று ஒரு வாய்பாடு இருக்கிறது. ஒரு வருஷக் கடனுக்கு ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை கூட்டினால் 78, அதனால் அந்தப் பெயர். நூற்று எட்டு மாதக் கடனுக்கு ஒன்றிலிருந்து நூற்று எட்டு வரை கூட்ட வேண்டும், 5,886 வரும். முதல் மாதத் தவணையில் வட்டியின் பங்கு 5,886-இல் 108, கடைசி மாதத்தில் 1. அதாவது வட்டியைப் பெரும்பாலும் முன்னாலேயே உறிஞ்சிக்கொள்கிறார்கள். நாலு வருஷம் ஒழுங்காகக் கட்டிவிட்டு நிறுத்தினால், இன்னும் அறுபது மாதம் மிச்சம், பாதிக்கும் மேல். வட்டியிலும் பாதிக்கு மேல், 8,900 சொச்சம், திரும்பி வர வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வருவது 4,996. அந்த நாலு வருஷத்தில் கட்டியது 31,942. இன்னும் பாக்கி 34,932. வாங்கிய கடன் 55,800. இதை ஒரு காகிதத்தில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப நான் உன் மோட்டருக்குக் கட்டினதும் இப்படித்தானா?" என்றார்.

நேர்வட்டி முறையும் 78 விதியும் போக வேண்டும் என்று பேங்க் நெகாராவும் அரசாங்கமும் பிறகு சொல்லத் தொடங்கின. போகட்டும். ஆனால் மாதத் தவணை என்ற ஒற்றை எண்ணை வைத்து விலையை மறைக்கும் கலையை எந்தச் சட்டமும் எடுத்துவிடாது. அதற்கு 78 தேவையே இல்லை. மூவாயிரம் வெள்ளி பேக்கேஜ் ஒன்பது வருஷத்துக்குப் பரத்தினால் மாசம் முப்பத்தைந்து வெள்ளிகூட இல்லை. இரண்டு மூன்று வருஷத்தில் மங்கிப்போகும் கோட்டிங்குக்கு ஒன்பது வருஷம் வட்டி கட்டுவீர்கள், அது உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் பார்த்தது 665-ஐ. வட்டியில் 0.2 விழுக்காடு வித்தியாசம் என்பது மாசம் பத்து வெள்ளிக்குள் வரும். "பத்து வெள்ளி பாஸ், மூணு தே தாரேக்." ஒன்பது வருஷத்தில் அது ஆயிரம் வெள்ளி. தங்கைக்கு எத்தனை இரவு ஷிஃப்ட் என்று கணக்குப் போடவில்லை, போட்டால் கோபம் வரும்.

வெறும் விலைக்குறைப்பு மட்டும் என் பேச்சாக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். இனிச் சொல்வதுதான் எனக்குச் சங்கடமானது.

இங்கே புதுக் காடியின் விலை காட்சியகத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை. பட்டியல் விலையை நிறுவனம் வைக்கிறது. அதற்குள்ளே கலால் வரி இருக்கிறது, காடியைப் பொறுத்து 60-லிருந்து 105 விழுக்காடு வரை. அதற்கு மேல் விற்பனை வரி 10 விழுக்காடு. உள்நாட்டுத் தயாரிப்புக்குச் சலுகைகள் உண்டு, எவ்வளவு என்பது வெளியே தெரியாது. 1985-இல் முதல் சாகா வந்ததிலிருந்து இந்த வரிச்சுவருக்குள்ளேதான் நாம் காடி வாங்குகிறோம். 2020 ஜூன் 15-லிருந்து இரண்டு வருஷம் விற்பனை வரியை விலக்கியபோது விலை எப்படி இறங்கியது என்று எல்லாரும் பார்த்தோம். யாரும் பேரம் பேசாமலேயே இறங்கியது. ஆக, பேரம் பேச வேண்டிய பெரிய விலை புத்ராஜெயாவில் இருக்கிறது. அங்கே நம்மை உள்ளே விடமாட்டார்கள்.

மிச்சம் இருப்பது அந்தப் பையன். அவன் தருகிற 'தள்ளுபடி' பெரும்பாலும் அவனுடைய கமிஷனிலிருந்து வருகிறது. இதை அவனே சொன்னான், பிறகு ஒருநாள் மாமாக் கடையில். அடிப்படைச் சம்பளம் கொஞ்சம், காடி விற்றால்தான் காசு. "பக்கத்து பிராஞ்ச்ல எண்ணூறு கொடுக்கிறான்னு கஸ்டமர் சொல்வாங்க ப்ரோ. நான் தொள்ளாயிரம் கொடுத்தா எனக்குப் பெட்ரோல் காசுதான் நிக்கும்." அப்படியானால் 'நான் மூவாயிரம் அடிச்சு வாங்கினேன்' என்று கல்யாண வீட்டில் மீசையை முறுக்குகிறவர்கள் யாரிடமிருந்து அடித்தார்கள்? வரியிலிருந்து ஒரு சென்கூட இல்லை. வங்கியிலிருந்தும் இல்லை. செந்தோசா தாமானில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு பையனின் பையிலிருந்து. வருஷக் கடைசியில் நிறுவனமே கொடுக்கும் தள்ளுபடி வேறு கணக்கு. அதைக் கேட்டு வாங்குங்கள், காடி எந்த வருஷம் தயாரானது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டு பக்கமும் தவறு என்கிறேன். கேட்காமல் தலையாட்டும் மாமாவும் தவறு, பையனைப் பிழிந்துவிட்டு வீரம் பேசுகிறவரும் தவறு. இரண்டு பேருமே பார்ப்பது பையனைத்தான், ஒருவர் பாசமாக, ஒருவர் பகையாக. காகிதத்தை யாரும் பார்ப்பதில்லை. பையனுக்குப் பின்னால் இருக்கும் வங்கி இருவருக்கும் கண்ணில் படுவதில்லை.

காகிதம் என்றால் உண்மையிலேயே காகிதம். 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, இரண்டாம் அட்டவணை என்ற அறிக்கையை எழுத்தில் கொடுத்தாக வேண்டும் என்கிறது. ரொக்க விலை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, கடன் கட்டணம் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறீர்கள், எல்லாம் அதில் வரும். முன்பதிவுப் பணமாக ரொக்க விலையில் 1 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்பதும் சட்டம்தான். ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டிவிட்ட காடியை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் இழுத்துப்போக முடியாது. பள்ளியில் நமக்கு அசையும் சீரும் சொல்லிக்கொடுத்தார்கள், நன்றி. இந்த மூன்று வரியையும் யாராவது சொல்லியிருக்கலாம்.

எங்களுக்கு அந்த அறிக்கை கையெழுத்துப் போடும் கட்டுக்குள்ளே ஏழாவதோ எட்டாவதோ தாளாக வந்தது. "இங்க, இங்க, இங்க சைன் பண்ணுங்க சிஸ்." எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும். நான் தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்ததும் கூடமே அமைதியாகிவிட்டது. "ரேட் ஏறிக்கிட்டே இருக்கு ப்ரோ, இன்னைக்கே அனுப்பினா நல்லது" என்றான். இருக்கலாம். வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்றேன். மாமாவின் முகம் சுருங்கியது. வெளியே வந்து, "அவன் என்ன நெனைப்பான்?" என்றார்.

இந்த 'அவன் என்ன நெனைப்பான்' என் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு மனிதரைத் தின்றிருக்கிறது. என் பெரியப்பா. 2000-களின் தொடக்கத்தில் நண்பருடைய காடிக் கடனுக்குக் கேரண்டராகக் கையெழுத்துப் போட்டார். தாளை வாசித்தால் நண்பர் என்ன நினைப்பார்? நண்பர் கட்டவில்லை, காடி ஏலம் போனது, ஏலம் போன காசு கடனுக்குப் பத்தவில்லை. மிச்சத் தொகைக்குப் பெரியப்பா திவாலானார். அதன்பிறகு அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுப் போக முடியாது. பழனிக்கு ஒருதடவை போய்வர வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். 2017-இல் திவால் சட்டத்தைத் திருத்தி, சொந்த உபயோகக் காடிக்குக் கேரண்டர் போட்ட பெரியப்பா மாதிரி ஆட்களைத் திவாலாக்கக் கூடாது என்று கொண்டுவந்தார்கள். அதற்கு முன் வருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த நாட்டில் திவாலானவர்களின் காரணப் பட்டியலில் வாகனக் கடன் வருஷக்கணக்காக முன்வரிசையில் இருந்திருக்கிறது. அந்தப் பட்டியலில் ஒரு எண் எங்கள் வீட்டுக்காரர். அன்றைக்குத் தங்கைக்குக் கேரண்டர் வேண்டுமென்று வங்கி கேட்டது, நான்தான் போடவேண்டும். கால்குலேட்டர் தட்டியது அதனால்.

கங்காணி கொடுத்த முன்பணத்தில் கடன்பட்டுக் கப்பல் ஏறிய சனம் நாம், இதுவும் அதுதான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால் கைதட்டு கிடைக்கும். ஆனால் அது சரியில்லை. அந்தக் கடனைக் கேள்வி கேட்க அவர்களுக்கு வழி இல்லை. எங்களுக்கு இருந்தது. ஐந்து பேரில் இரண்டு பேருக்குப் பட்டம் இருந்தது, கையில் போன் இருந்தது, சட்டம் இருந்தது. கேட்காமல் இருந்தது கூச்சத்தால். கூச்சத்தை வரலாற்றின் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்காது.

'காடியே எதற்கு, பொதுப் போக்குவரத்தில் போகலாமே' என்று ஒரு சாரார் சொல்வார்கள். பங்சாரில் உட்கார்ந்து சொல்வார்கள். கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குக் கொமுட்டர் இருக்கிறது, சரி. அது ஓடாத நேரத்தில், விடியற்காலையில் மருத்துவமனையிலிருந்து வெளியே வரும் பெண் என்ன செய்வது? கிள்ளானுக்கு வரவேண்டிய எல்.ஆர்.டி. வருஷாவருஷம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த கதை ஊருக்கே தெரியும். அப்பா இருபத்தாறு வருஷமும் வேலைக்கு மோட்டாரில்தான் போனார். பெடரல் ஹைவேயில் மழை பிடித்தால் பாலத்துக்குக் கீழே முப்பது பேரோடு நின்றிருப்பார். மகள் அப்படி நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காட்சியகத்துக்கு வந்தார். அந்த ஆசையை நான் குறைசொல்லவில்லை. அந்த ஆசைதான் அவரைக் கேள்வி கேட்கவிடாமல் செய்தது என்கிறேன்.

ஒரு வாரம் எடுத்துக்கொண்டோம். வேறு இரண்டு வங்கியில் நானே போய்க் கேட்டேன், ஒன்றில் 3.0 கிடைத்தது. பேக்கேஜ் வேண்டாம் என்றோம். டிண்ட் வெளியில் போட்டுக்கொள்ளலாம், கோட்டிங் தேவையில்லை, பெயிண்ட் தானே, மழையில் நனையத்தான் செய்யும். இன்சூரன்ஸ் பையன் சொன்ன இடத்தில் 1,870, நான் தேடியதில் 1,640. 2017 ஜூலையிலிருந்து முழுக்காப்பு இன்சூரன்ஸுக்கு ஒரே கட்டணம் என்பது கிடையாது, ஆனாலும் கிள்ளானில் பாதிப் பேர் காட்சியகம் நீட்டுவதையே எடுக்கிறார்கள். ஒன்பது வருஷத்தை ஏழாக்கினோம். தங்கை தயங்கினாள், மாசம் நூறு வெள்ளி கூடுகிறதே என்று. பிறகு அவளே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

தள்ளுபடியாகப் பையனிடம் 500 வாங்கினேன். அவன்தான் கொடுத்தான், நான் மறுக்கவில்லை. அது நியாயமா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. பேக்கேஜில் போன காசு அவனுக்கும் கொஞ்சம் போயிருக்கும், இன்சூரன்ஸில் போனதும். ஆக நானும் அவன் பையில் கை வைத்தவன்தான், மீசை முறுக்கவில்லை என்பதைத் தவிர.

கடைசிக் கணக்கு: விலை 59,500. முன்பணம் அதே 6,200. கடன் 53,300, ஏழு வருஷம், 3.0. மாசம் 768. முன்பணத்தோடு மொத்தம் 70,693. முதல் நாள் சிரித்துக்கொண்டே தலையாட்டியிருந்தால் மாசம் 665, மொத்தம் 78,070. மாசம் 102 வெள்ளி கூட, மொத்தத்தில் 7,377 வெள்ளி குறைவு. இதில் பையனிடமிருந்து வந்தது 500. மற்றது எல்லாம் பேக்கேஜ், வட்டி, வருஷம். டிண்ட் வெளியில் போட்ட செலவு தனி, அதை ஒளிக்கவில்லை. இன்சூரன்ஸில் மிச்சமானதும் இந்தக் கணக்கில் இல்லை.

கோர்ட்டுமலைப் பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சை வைத்து நசுக்கி, வீட்டுக்கு ஓட்டி வந்தோம். பக்கத்து வீட்டு அங்கிள் வேலியோரம் வந்து நின்றார். நம்பர் பிளேட்டைக் கூட்டிப்பார்த்து, நல்ல நம்பர் என்றார். பிறகு கேட்டார், "மாசம் எவ்வளவு வருது?"

"எழுநூத்து அறுபத்தெட்டு" என்றார் அப்பா.

"ஏமாத்திட்டானுங்க பாஸ் ஒங்களை. என் மச்சான் இதே காடி, அறுநூத்து அறுபதுதான் கட்டுறான்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, "இல்ல, ஏழு வருஷம்தான் போட்டிருக்கு" என்றார், கொஞ்சம் அவசரமாக. அங்கிளுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. அவர் உள்ளே எட்டிப்பார்த்து, டேஷ்கேம் இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பையன் அந்த வேலையை விட்டுவிட்டான். இப்போது இன்சூரன்ஸ் ஏஜெண்ட். போன மே மாதம் வாட்ஸ்அப்பில், "ப்ரோ, சிஸ் காடி ரினியூ வருது, நம்மகிட்ட எடுங்க" என்று விலை அனுப்பினான். நான் மூன்று இடத்தில் விசாரித்தேன். அவன் சொன்னதுதான் குறைவு. அப்பாவிடம் சொன்னேன். "ஏன், நம்ம பையன்னு கொறைச்சானா?" என்றார். தெரியலப்பா, கேட்கிறேன் என்றேன்.